நான்கு லினக்ஸ் சர்வர், ஒரு 8 டிபி டிஸ்க்: ஸ்னாப்ஷாட் பேக்கப்புக்கு எதைப் போடுவது?

அச்சுமை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு அச்சகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், என் சிஸ்டம் அட்மின் பதவி அந்த லட்சணம்தான். மொத்தம் நான்கு சர்வர், நான்கிலும் டெபியன் 12. ஃபைல் சர்வரில் டிசைன், பிடிஎஃப், போட்டோ எல்லாம் சேர்த்து 1.4 டிபி. மெயில் சர்வரில் 60 ஜிபி, மெயில்டிர் முறை. பில்லிங்குக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதில் எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் ஸ்கேன் செய்த பில்களையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போயிருப்பதால் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாகக் கொட்டுவது) எடுத்தால் 40 ஜிபி வருகிறது. நான்காவது வெளியில் வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்), வெப்சைட் மட்டும்.

இப்போது இருக்கும் பேக்கப் ஒரே ஒரு ஆர்சிங்க் (ஃபைல்களை ஒப்பிட்டு நகல் எடுக்கும் கருவி) ஸ்கிரிப்ட். ராத்திரி ஒரு மணிக்கு ஓடி, அங்கே அழிந்ததை இங்கேயும் அழித்து, அப்படியே கண்ணாடி மாதிரி வைத்திருக்கும். போன மாதம்தான் அதன் லட்சணம் தெரிந்தது. டிசைனர் ஒருவர் பழைய காலண்டர் ஃபைலைத் திறந்து, புது வாடிக்கையாளருக்கு மாற்றி, அதே பெயரில் சேவ் செய்துவிட்டார். தெரிந்தது 12 நாள் கழித்து. அதற்குள் ஆர்சிங்க் விசுவாசமாக அந்த மாற்றத்தையும் நகல் எடுத்து முடித்திருந்தது. அச்சடித்த காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி வரைந்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதலாளி ஒரு 8 டிபி டிஸ்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஒரு பழைய டெஸ்க்டாப்பும் சும்மா கிடக்கிறது. எனக்கு வேண்டியது இதுதான்: போன வாரம், போன மாதம் எப்படி இருந்தது என்று தேதி வாரியாகப் பார்க்க வேண்டும், டிசைனர்களே வந்து தங்கள் ஃபைலை எடுத்துக்கொள்ள முடிந்தால் புண்ணியம், சர்வரில் வைரஸ் புகுந்தால் பேக்கப்பும் சேர்ந்து போகக் கூடாது. ஆர்ஸ்னாப்ஷாட், போர்க், ரெஸ்டிக் என்ற மூன்று பேக்கப் மென்பொருள்களையும் படித்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. இதில் எது? இல்லை, லினக்ஸில் டிஸ்க்கைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மிலேயே ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை உறைய வைப்பது) வசதி இருக்கிறதே, அதையே தினமும் எடுத்து வைத்தால் போதாதா?

நெடுநாள்ரூட்:

உங்கள் ஃபைல் சர்வருக்கு ஆர்ஸ்னாப்ஷாட்தான், யோசிக்கவே வேண்டாம். மைக் ரூபெல் என்பவர் ஆர்சிங்கையும் ஹார்ட் லிங்கையும் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வைத்து ஸ்னாப்ஷாட் மாதிரி பேக்கப் எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார், அந்த யோசனையை வைத்து நேதன் ரோசன்குவிஸ்ட் 2003 வாக்கில் பெர்லில் எழுதியது இது. பழைய சரக்கு, ஆனால் உள்ளே ஒளிவு மறைவே கிடையாது. டிஸ்க்கைத் திறந்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபோல்டர், உள்ளே சாதாரண ஃபைல்கள். மாறாத ஃபைலுக்கு புது நகல் எடுக்காமல் முந்தைய நாள் நகலுக்கே இன்னொரு பெயர் வைத்துவிடும், அவ்வளவுதான் வித்தை. பட்டியல் எடுத்து ஐநோட் எண்ணை (டிஸ்க்கில் ஒரு ஃபைலின் அடையாள எண்) பார்த்தால் ஏழு நாள் ஃபோல்டரிலும் அதே எண் நிற்கும், பக்கத்தில் லிங்க் எண்ணிக்கை 7 என்று இருக்கும். அந்த ஃபோல்டர்களை சம்பா (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) வழியாக படிக்க மட்டும் அனுமதி கொடுத்துத் திறந்துவிடுங்கள், டிசைனர் தானே போய் செவ்வாய்க்கிழமை ஃபைலை இழுத்துப் போட்டுக்கொள்வார். உங்கள் காலண்டர் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

வைரஸ் பயத்துக்கும் இதுவே மருந்து. பேக்கப் மெஷின்தான் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக சர்வருக்குள் போய் இழுத்துவரும். சர்வரிடம் பேக்கப் மெஷினுக்கான சாவியே இருக்காது. அந்தச் சாவியையும் சும்மா விடாதீர்கள், ஆர்சிங்கோடே ஆர்ஆர்சிங்க் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வரும், அதை வைத்து இந்தச் சாவியால் இந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும்தான் முடியும் என்று கட்டிப்போடலாம்.

இரண்டு இடத்தில் எல்லோரும் விழுவார்கள். ஒன்று, கான்ஃபிக் ஃபைலில் வார்த்தைகளுக்கு நடுவில் டேப் தான் போட வேண்டும், ஸ்பேஸ் போட்டால் ஒத்துக்கொள்ளாது. ஏதோ வெப்சைட்டில் இருந்து காப்பி பேஸ்ட் செய்தால் டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகியிருக்கும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது, நான் அதில் ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். கான்ஃபிக் டெஸ்ட் கட்டளை இருக்கிறது, ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் ஓட்டுங்கள். இன்னொன்று, நிஜமாக ஆர்சிங்க் ஓடுவது தினசரி அடுக்கில் மட்டும்தான், வாராந்திரமும் மாதாந்திரமும் வெறும் பெயர் மாற்றம். சர்வர் நான்கு நாள் படுத்துக் கிடந்தாலும் சுழற்சி நடந்துகொண்டே இருக்கும், நல்ல ஸ்னாப்ஷாட் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளப்பட்டு விழுந்துவிடும். சிங்க் ஃபர்ஸ்ட் என்ற விருப்பத்தைப் போட்டு, சிங்க் வெற்றியாக முடிந்தால் மட்டும் சுழற்று என்று கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) எழுதுங்கள்.

ஐநோட்ஐயனார்:

ரூட் அண்ணன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. ஏழு நாள் ஃபோல்டர் இருக்கிறது என்றால் ஏழு நகல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மாறாத ஃபைல் டிஸ்க்கில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ஏழு பெயரும் அந்த ஒன்றைத்தான் காட்டுகிறது. அந்த இடத்தில் டிஸ்க் பழுதானால் ஏழு நாளும் ஒன்றாகப் போய்விடும். ரூட்டாக (அட்மின் அதிகாரத்தோடு) உள்ளே போய் யாராவது ஒரு ஃபைலைத் திறந்து அப்படியே எழுதிவிட்டால் அதுவும் ஏழு நாளிலும் மாறிவிடும். சம்பாவில் படிக்க மட்டும் என்பதை அதனால்தான் மறக்கவே கூடாது.

அப்புறம் உங்கள் 40 ஜிபி டம்ப். ஹார்ட் லிங்க் என்பது முழு ஃபைல் கணக்கு. ஒரே ஒரு பில் சேர்ந்தாலும் அது வேறு ஃபைல், மறுபடி 40 ஜிபி. தினசரி 7, வாரம் 4, மாதம் 6 என்று வைத்தால் 17 நகல், 680 ஜிபி, ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும். பெயர் மாற்றமும் அப்படித்தான். டிசைனர் 90 ஜிபி ஃபோல்டரை "காலண்டர்" என்பதிலிருந்து "காலண்டர் பழசு" என்று மாற்றினால் ஆர்சிங்கைப் பொறுத்தவரை பழையது செத்தது, புதிது பிறந்தது.

போர்க் இந்த இடத்தில்தான் ஜெயிக்கும். ஆட்டிக் என்ற மென்பொருளில் இருந்து 2015இல் கிளை பிரிந்தது. ஃபைலை உள்ளடக்கத்தைப் பார்த்துத் துண்டு துண்டாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி சேமிக்காது. பெயர் மாறினால் என்ன, வேறு சர்வரில் இருந்து வந்தால் என்ன, அதே துண்டு என்றால் ஒருமுறைதான். கூடவே சுருக்கும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் (என்கிரிப்ஷன்). ஆனால் டம்பை ஜிஜிப் போட்டு சுருக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சுருக்கிய ஃபைலில் முன்னால் ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் உள்ள பைட்டுகள் எல்லாம் மாறிப்போகும், துண்டுகள் எதுவும் ஒத்துப்போகாது. சுருக்காத டம்பாகக் கொடுங்கள், சுருக்கும் வேலையை போர்க் பார்த்துக்கொள்ளும்.

பழைய துண்டுகளைக் கழிக்க ப்ரூன் ஓட்டினால் 1.2 பதிப்பிலிருந்து டிஸ்க்கில் இடம் தானாகத் திரும்பக் கிடைக்காது, அதற்குப் பிறகு காம்பேக்ட் என்ற கட்டளையையும் ஓட்ட வேண்டும். இது தெரியாமல் "அழித்தேன், இடமே வரவில்லை" என்று இங்கேயே எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். அந்தப் பூட்டின் சாவியை எக்ஸ்போர்ட் செய்து, பாஸ்வேர்டோடு பேப்பரில் அச்சடித்து முதலாளியின் கல்லாப்பெட்டியில் வையுங்கள். அச்சகம்தானே, பேப்பருக்கா பஞ்சம்.

நெடுநாள்ரூட்:

ஐயனார் சொல்கிற கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு சர்வர் செத்து, நீங்கள் ஊரில் இல்லாமல், முதலாளி மகன் மட்டும் கடையில் இருந்தால், போர்க் ரெப்போவை (பேக்கப் கிடங்கு) வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அங்கே இருப்பது எண் எண்ணாகப் பெயர் வைத்த துண்டு ஃபைல்கள். என் டிஸ்க்கை எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் ஃபைல் ஃபைலாகத் தெரியும்.

ஐநோட்ஐயனார்:

மவுண்ட் செய்தால் (ரெப்போவை ஃபோல்டர் மாதிரி திறந்தால்) போர்க்கிலும் தேதி வாரியாக ஃபோல்டர் தெரியும் அண்ணா. முதலாளி மகன் மவுண்ட் செய்ய மாட்டார் என்பது வேறு விஷயம். அதனால் இரண்டும் போடட்டும் என்றுதான் நான் சொல்ல வந்தேன், ஃபைல் சர்வருக்கும் மெயிலுக்கும் உங்களுடையது, டேட்டாபேஸுக்கு என்னுடையது. மெயில்டிர் என்றால் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், ஹார்ட் லிங்குக்கு அல்வா மாதிரி. எம்பாக்ஸ் முறையில் இருந்திருந்தால் ஒரு மெயில் வந்தாலே மொத்தப் பெட்டியும் மறுபடி நகல் ஆகும்.

மேகமூட்டம்:

அந்த விபிஎஸ்ஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதற்கு ரெஸ்டிக். கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு பைனரி, சர்வரில் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது, மறுபக்கத்தில் எதையும் நிறுவ வேண்டாம், எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழி ஃபைல் பரிமாற்றம்) போதும், எஸ்3 மாதிரி கிளவுட் சேமிப்பகம் என்றால் நேரடியாகவே பேசும். போர்க்கில் பல சர்வர் ஒரே ரெப்போவில் எழுதினால் பூட்டுக்காகக் காத்துக்கிடக்கும், கேஷையும் (ரெப்போவில் என்ன இருக்கிறது என்ற உள்ளூர்க் குறிப்பு) ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும். ரெஸ்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை. முன்பு சுருக்கும் வசதி இல்லை என்பது குறையாக இருந்தது, 2022இல் 0.14 பதிப்பில் அதுவும் வந்துவிட்டது. ராம் கொஞ்சம் கூடத் தின்னும், குட்டி விபிஎஸ்ஸில் ஓட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது என்பதற்கும் இது உதவும். 2021 மார்ச் 10ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் தீப்பிடித்து முழுசாக எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். உங்கள் பழைய டெஸ்க்டாப்பும் சர்வர் ரேக்குக்கு அடியிலேயேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொல்லைப்புறம்:

எல்விஎம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். போதாது. எல்விஎம் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போச்சு. மாற்றங்களை வைக்க ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். தினமும் ஒன்று எடுத்து அடுக்கினால் எழுதும் வேகமும் இறங்கும். ஸ்னாப்ஷாட் எடுத்து, அந்த உறைந்த நிலையில் இருந்து வேறு மெஷினுக்கு நகல் எடுத்து, உடனே ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுவது, இதற்குத்தான் எல்விஎம் லாயக்கு. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் கதை வேறு, அதில் ஸ்னாப்ஷாட்டையே செண்ட், ரிசீவ் என்று இன்னொரு மெஷினுக்கு அனுப்பலாம், ஆனால் ஓடுகிற சர்வரை அதற்காக மாற்றி அமைக்கச் சொல்ல மாட்டேன்.

ஓடுகிற போஸ்ட்கிரெஸின் டேட்டா ஃபோல்டரை ஆர்சிங்கால் அப்படியே அள்ளிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபைலை ஒரு மணிக்கும் அடுத்த ஃபைலை ஒன்றே காலுக்கும் எடுத்தால் அது எந்த நேரத்து டேட்டாபேஸும் இல்லை. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டம்ப் கருவிதான் சரி. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2017 ஜனவரி 31இல் கிட்லேப்பில் (மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) ஒரு எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார், அதன்பின் பேக்கப்பைத் தேடினால் பக்கெட் (கிளவுட் சேமிப்பிடம்) காலி. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்க ஓடியது 9.2இன் பிஜி டம்ப், அது தினமும் பிழை காட்டி நின்றுகொண்டிருந்தது. பிழையைச் சொல்லும் மெயிலும் டிமார்க் (மெயில் போலியல்ல என்று சரிபார்க்கும் முறை) சரியில்லாததால் போய்ச் சேரவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, சோதனைச் சர்வருக்காக ஒருவர் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். இதையெல்லாம் அவர்களே விலாவாரியாக எழுதி வெளியிட்டார்கள், படிக்கும்போது வயிற்றைக் கலக்கும்.

அதனால் டம்பை குழாய் (பைப்) வழியாக போர்க்குக்குள் ஊற்றாதீர்கள். டம்ப் பாதியில் செத்தாலும் போர்க் வந்த வரைக்கும் சேமித்துவிட்டு "முடிந்தது" என்று சிரிக்கும். 1.2இல் கன்டென்ட் ஃப்ரம் கமாண்ட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, டம்ப் கட்டளையை போர்க்கே ஓட்டும், அது தோற்றால் பேக்கப்பும் தோற்றதாகவே கணக்கு. பேக்கப் மெஷினில் இருந்தே எஸ்எஸ்ஹெச் வழியாக பிஜி டம்பைக் கூப்பிட்டால் சாவியெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

அச்சுமை:

ஒரு வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் பெரிய கும்பிடு. ஐயனார் சொன்ன மாதிரி பிரித்தே போட்டுவிட்டேன். ஃபைல் சர்வரும் மெயிலும் ஆர்ஸ்னாப்ஷாட், முதல் ராத்திரி ஐந்தே கால் மணி நேரம், மறுநாள் 11 நிமிடம். டேப் விஷயத்தில் எச்சரித்தும் நானும் விழுந்தேன், ஆனால் கான்ஃபிக் டெஸ்ட் வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிட்டது. டேட்டாபேஸ் போர்க்கில், முதல் நாள் 19 ஜிபி, அடுத்த ஆறு நாளும் சேர்த்து 2 ஜிபி கூட ஆகவில்லை. இன்னொரு மெஷினில் டேட்டாபேஸை மீட்டெடுத்துப் பில் எண்களைச் சரிபார்த்தேன், கடைசி பில் வரைக்கும் இருக்கிறது. விபிஎஸ்ஸுக்கு ரெஸ்டிக். டெஸ்க்டாப்பை ரேக்குக்கு அடியில் இருந்து மாடி அறைக்குத் தூக்கிவிட்டேன் (மேகமூட்டம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?).

ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் தமிழில். கிரான் அனுப்பும் லாகில் "கல்யாணப் பத்திரிகை" என்ற ஃபோல்டர் \#340\#256\#225 என்று ஆரம்பித்து ஏதோ கூட்டல் கணக்கு மாதிரி வருகிறது. பெயரெல்லாம் கெட்டுப்போய்விட்டதா? பார்த்ததும் நெஞ்சே நின்றுவிட்டது.

கொல்லைப்புறம்:

கெடவில்லை. ஆர்சிங்குக்கு பெயர் என்பது வெறும் பைட்டுகள், அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கும். அந்த மூன்று எண்களும் சேர்ந்ததுதான் யூடிஎஃப் 8 எழுத்துக் குறியாக்கத்தில் "க", எட்டடிமான எண்ணில் எழுதிக் காட்டுகிறது. கிரானுக்குள் யூடிஎஃப் 8 லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) இல்லாததால் அச்சிடத் தெரியாமல் இப்படிக் காட்டும். கிரான் ஃபைலின் மேலே லொகேலை ஒரு வரியில் எழுதுங்கள், இல்லையென்றால் ஆர்சிங்குக்கு 8 என்ற விருப்பத்தைச் சேருங்கள். டிஸ்க்கில் போய்ப் பாருங்கள், தமிழிலேயே இருக்கும்.

அச்சுமை:

இருக்கிறது இருக்கிறது! சம்பாவில் டிசைனருக்கும் காட்டிவிட்டேன். இப்போது இன்னொரு 8 டிபி டிஸ்க் வாங்கி, இந்த டிஸ்க்கை அதற்கு நகல் எடுத்து, வாரம் ஒருமுறை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று இருக்கிறேன்.

நெடுநாள்ரூட்:

நல்ல யோசனை. ஆனால் தம்பி, ஸ்னாப்ஷாட் டிஸ்க்கை நகல் எடுக்கும்போது ஆர்சிங்கில் பெரிய ஹெச் விருப்பத்தை மறந்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஹார்ட் லிங்க் எல்லாம் அவிழ்ந்து, ஒவ்வொரு நாளும் தனித்தனி 1.4 டிபியாகப் போய் விழும். லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் ஹெச் போட்டால் ராம் தின்னும், நேரமும் எடுக்கும். அதைவிட இரண்டாவது டிஸ்க்குக்கும் தனியாக ஆர்ஸ்னாப்ஷாட் ஓட்டுவதே மேல்.

அச்சுமை:

அண்ணா, நேற்று மதியமே ஹெச் இல்லாமல் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் 6 டிபி தாண்டி ஐந்தாவது நாள் ஃபோல்டரில் நிற்கிறது. நிறுத்திவிட்டேன். தனியாகவே ஓட்டுகிறேன்.